அடுத்த சவம் வரும்வரை

மாடி ஜன்னல் கண்ணாடியில் ஒரு மூச்சளவுக்கு ஆவி படிந்திருந்தது. ஃபெர்கஸ் விரலால் துடைத்தான். போகவில்லை. அது வெளிப்பக்கம்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் கில்டோரன். கவுன்சில் அலுவலக மாடியில், ஊர் வரலாறு எழுதுவதற்காகப் பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பிரித்துக்கொண்டிருந்தான். மனைவி இஷ்பெல் இறந்த பிறகு வீட்டுக்குச் சீக்கிரம் போகக் காரணம் எதுவும் இல்லை.

ஆவணங்களைக் கவனிக்கும் டோலினா வீட்டுக்குக் கிளம்பக் கோட்டு மாட்டிக்கொண்டாள். "இங்கயே குடிவந்துட்டியா தம்பி? செத்தவங்களுக்கே உன்னப் பாத்துச் சலிச்சுப் போயிருக்கும்."

"இந்தப் பாதிரியார் டைரிய முடிச்சிடறேன்."

"அதுல வர்ற கல்லறைக் காவல் கதையா? நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஒரே நாள்ல ரெண்டு சாவு. பெட்டியத் தூக்கிக்கிட்டு ரெண்டு வீட்டாரும் ஓடினாங்க பாரு, குதிரைப் பந்தயம் தோத்துச்சு." சிரித்துக்கொண்டே படி இறங்கினாள்.

ஏன் ஓடினார்கள் என்று டைரியில் இருந்தது. கடைசியாகப் புதைக்கப்பட்டவர், அடுத்த சவம் வரும்வரை கல்லறைத் தோட்ட வாசலில் காவல் நிற்க வேண்டும். தனியாக. எந்தக் குளிரிலும். நம் வீட்டு ஆள் நிற்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஓட்டம்.

அடுத்த கட்டு, இந்த ஆண்டின் கவுன்சில் தீர்மானங்கள். பழைய கல்லறைத் தோட்டத்தை மூடுகிறார்கள். கடைசி அடக்கம் இஷ்பெலுடையது. அவளை அவள் அப்பாவின் அருகில் புதைக்க வேண்டும் என்று மன்றாடி அனுமதி வாங்கியவன் ஃபெர்கஸ். இனி அங்கே எந்தச் சவமும் வராது, ஒன்றைத் தவிர: அவளுக்குப் பக்கத்து இடம் கணவனுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

விளக்கை அணைத்துவிட்டு இறங்கினான்.

வீட்டுக்குப் போகும் சாலை கல்லறை மதிலை ஒட்டியே போயிற்று. கடலிலிருந்து அழுகிய பாசியின் வாடை ஏறி வந்தது, உறைந்த புல் காலடியில் நொறுங்கியது, அவன் நின்ற பிறகும் மதிலுக்கு அந்தப் பக்கம் புல் நொறுங்கும் சத்தம் மட்டும் நிற்காமல் அவனுக்குச் சற்று முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

வாசலை அடைந்ததும் அது நின்றது.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவள் தனியாக நிற்கிறாள்.

"இஷ்பெல்."

வாசல் கம்பிக் கதவுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது. புதைத்தபோது உடுத்திய உடை. தலைமுடியில் உறைபனி.

"இவ்வளவு நேரமா?" என்றாள். சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தவனிடம் கேட்கும் அதே குரல்.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பின்னால் அவள் மேடு. அதன் அருகில், புல் பெயர்ந்து, ஓர் ஆள் நீளத்துக்குக் குழி. ஈர மண் குவியலிலிருந்து இன்னும் ஆவி எழுந்தது.

அவள் கையை நீட்டினாள். விரல்களில் நகம் இல்லை.