மாடியில் மிருதங்கம், கீழே காதுக்காரர்

மழை பெய்தால் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு கண்ணாடியாய் வழுக்கும். தன் மழைக்கோட்டை மிருதங்கத்துக்குப் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நனைந்தபடி ஏறிக்கொண்டிருந்தாள் அவள். மாடியிலிருந்து ஒருவன் அவசரமாக இறங்கி வந்தான். மோதல்... வழுக்கல்... அவன் இரண்டு கைகளாலும் தாவிப் பிடித்தான். மிருதங்கத்தை!

அவள் தொப்பென்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, என்னைப் பிடிக்கலையா?"

கேட்ட பிறகுதான் கேள்வியின் இன்னொரு அர்த்தம் அவளுக்கே உறைத்தது. அவன் முகம் சிவந்துவிட்டது.

"இல்ல... இதுதான் முதல்ல விழுந்துச்சு..."

"நல்லவேளை. இதை விட்டுட்டு என்னைப் பிடிச்சிருந்தா, உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

சிரித்தான். சாரல் பட்ட இமைகளுக்குக் கீழே, சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள். 'அடிப்பாவி, எங்கே பார்க்கிறே?' என்று தன்னையே அதட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க மாடியில கத்துக்கிறவங்களா? உங்க வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா? கீழே புதுசா காது பரிசோதனை நிலையம் திறந்திருக்கேன். ரெண்டு வருஷமா எதுவுமே கேக்கலைன்னு வந்த பெரியவர், உங்க வாத்தியார் அடிக்கிற அடிக்குத் தொடையில தாளம் போடுறார்! உங்க வாத்தியாருக்கு எழுபது வயசாவது இருக்கும்ல? அடியில அவ்வளவு கோபம்!"

"அந்த எழுபது வயசு நான்தான்."

மிருதங்கம் மறுபடி விழப் பார்த்தது.

அவளுக்கு முப்பத்தொன்று. பத்து வயதில் மிருதங்கத்தை மடியில் வைத்தவள். பெண்ணுக்கு எதற்குத் தோல்வாத்தியம் என்று உதட்டைப் பிதுக்கியவர்களே இன்று தேதி கேட்டு போன் செய்கிறார்கள். பாடகியான அக்காவின் கச்சேரிக்கு மிருதங்கம், சனிக்கிழமை இசைக்குழுவில் டிரம்ஸ், ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் வகுப்பு. ஒரு பல் டாக்டர், இரண்டு வங்கி ஊழியர்கள் என்று இருபத்து மூன்று மாணவர்கள்.

ஒப்பந்தம் ஆயிற்று. பரிசோதனை தொடங்கும்போது அவன் துடைப்பக் குச்சியால் உத்தரத்தை மூன்று தட்டுத் தட்டுவான், அவள் நிறுத்த வேண்டும். முதல் நாளே அவள் கீழே இறங்கி வந்தாள்.

"மூணே மூணு தட்டு, அதுவும் ஒவ்வொண்ணும் ஒரு வேகமா? என் பிள்ளைங்களுக்குத் தாளம் தப்புது."

"நீங்களே சொல்லிக் கொடுங்களேன்..."

சொல்லிக் கொடுத்தாள். அவனுக்கு வரவில்லை. தினமும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது... மாணவர்கள் அவனுக்குக் 'காதுக்காரர்' என்று பெயர் வைத்துக் கண்ணடித்துக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் டிரம்ஸ் வாசிப்பதைக் கேட்க வந்தான். நிகழ்ச்சி முடிந்து, அவள் மேடையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பினால், இடப்பக்கம் அவன்!

"எப்ப வந்தீங்க?"

"மூணு தடவை கூப்பிட்டேன்." அவன் முகத்தில் சிரிப்பில்லை. "இடது காதுல இரைச்சல் இருக்கா?"

இருந்தது. ஆறு மாதமாக அந்தக் காதுக்குள் ஓயாத ஒரு விசில். யாரிடமும் மூச்சுவிடவில்லை. காது போன மிருதங்கக்காரியை எவர் கூப்பிடுவார்? எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

"இங்கேயும் வந்து கடை விரிச்சிட்டீங்களா? என் காது, என் இஷ்டம்!"

பத்து நாள் முகம் கொடுக்கவில்லை. கீழே மூன்று தட்டு விழுந்தால், மேலே முப்பது அடி இடியாக விழுந்தது. நான்காம் நாளோடு அவன் தட்டுவதையே விட்டுவிட்டான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பத்தாம் நாள் மாடியில் நடந்த ஒத்திகையை அக்கா பாதியில் நிறுத்தினாள்.

"ஏன்டி, நான் தாலாட்டுப் பாடுறேன், நீ யுத்தம் பண்றே? ஆறு மாசமா உன்னை மீறிப் பாடிப் பாடி என் தொண்டை கட்டிப்போச்சு. உனக்கு என்னடி ஆச்சு?"

வீராப்பு அங்கேயே உடைந்தது. அக்காவின் தோளில் சாய்ந்து, காது விஷயத்தைச் சொல்லி ஓவென்று அழுதாள். அக்கா அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துப் போனாள்.

அவன் அவளை உள்ளே அழைத்துப் போனான். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டான். மெல்லிய ஒலிகள்... மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தன. கடைசியில் ஹெட்போனில் அவன் குரல் வந்தது.

"இடது காதுல கொஞ்சம் போயிருக்கு. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். டிரம்ஸ் வாசிக்கும்போது காதுக்கு அடைப்பான் போட்டே ஆகணும்."

"வாசிக்கலாமா?"

"தாராளமா!"

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு தனக்குத்தானே முணுமுணுத்தான். மைக்கை அணைக்க மறந்திருந்தான்.

"மடையா... இப்பவாவது சொல்லித் தொலையேன். நீங்க வாசிக்காத ஞாயித்துக்கிழமை எனக்கு விடியவே மாட்டேங்குது. உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசையா இருக்குன்னு..."

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"காதுக்காரரே, கடைசியா ஏதோ சொன்னீங்க. இடது காதுல சரியா விழலை. இன்னொரு தடவை?"

மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தான். முகமும் அதே நிறமாயிற்று. எச்சில் விழுங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னான்.

அவள் தரையைப் பார்த்தாள்... பிறகு அவனை.

"பொய் சொன்னேங்க. ரெண்டு காதுலயும் முதல் தடவையே நல்லாக் கேட்டுச்சு. நேர்ல ஒரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு..." குரல் இறங்கியது. "எனக்கும் அதே ஆசைதான்."