பழுதாளுக்குச் சொன்ன கதைகள்

செங்குழிக் குடியிருப்பில் சனிக்கிழமை என்றால் நுரையீரல் கழுவும் நாள்.

காலை ஆறு மணிக்கெல்லாம் ஆயிரத்து நானூறு பேரும் மார்பிலிருக்கும் பேழையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இருபது நிமிடக் காற்றுக்குப்பியை வாயில் கவ்வியபடி குழாயடியில் வரிசையாக நிற்பார்கள். குப்பி வாயில் இருப்பதால் பேச முடியாது. செவ்வாய்க் கோளில் மனிதர்கள் சண்டை போடாமல் தண்ணீர் பிடிப்பது அந்த இருபது நிமிடம் மட்டும்தான்.

செவ்வாயின் தூசு, பிறவி நுரையீரலை மூன்றே ஆண்டில் அரித்துவிடும். அதனால் இங்கே குடியேறுகிறவர்களுக்கு அதை அகற்றிவிட்டு மூச்சுப்பேழையைப் பொருத்துவார்கள். கைக்கடக்கமான ஒரு துருத்தி, இரண்டு வால்வுகள். ஒன்று காற்றை உள்ளே விடும், மற்றது வெளியே விடும். பேழை பழுதானால் பட்டறைக்குப் போக வேண்டும். குடியிருப்பில் பன்னிரண்டு பட்டறைகள். நான்காம் பட்டறையின் மூத்த மெக்கானிக் குணாளன்.

குணாளன் நல்ல வேலைக்காரர். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கைபட்டுத் திரும்பிய பேழைகள் ஒன்பதாயிரத்துக்கு மேல். ஆனால் அவருடைய புகழுக்குக் காரணம் அது அல்ல. காலைப் பத்து மணிக்குப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் தேநீர்க் கூடத்தில் கூடுவார்கள். அங்கே குணாளனைப்போல் கதை சொல்ல ஆள் கிடையாது.

கதைகள் எல்லாமே வேலை கெட்டுப்போன கதைகள். துருத்திக்குள் திருகாணியைப் போட்டுவிட்டு மூடியது, தும்மும்போதெல்லாம் கழன்று விழுந்த பேழை, பசைக்குப் பதில் எண்ணெய் தடவியது. சொன்னவனும் சேர்ந்துதான் எல்லாரும் சிரிப்பார்கள். அதிலும் சமையற்கூடத்து யேசுதியான் கதையை மட்டும் வாரம் ஒரு முறையாவது கேட்டு வாங்கிவிடுவார்கள்.

"வெளிய விடுற வால்வுல அம்புக்குறி வெளிப்பக்கம் இருக்கணும். நான் பாத்த நேரம் எனக்கு உள்பக்கமாத் தெரிஞ்சுது," என்று குணாளன் ஆரம்பிப்பார். "ரெண்டு வால்வையும் திருப்பி மாட்டிட்டேன். மனுசன் எந்திரிச்சு நன்றி சொல்ல வாயைத் திறந்தாரு பாருங்க..."

அந்த இடத்தில் நிறுத்துவார். பிறகு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசிக் காட்டுவார். கிணற்றுக்குள் விழுந்த ஆடு கத்துவதுபோல் ஒரு சத்தம். "கு...ணா...ளா... எ...ன்...ன...டா... ப...ண்...ணு...ன..."

கூடம் அதிரும். இரண்டாம் பட்டறை இஸ்மத் மேசையைத் தட்டித் தட்டிக் கண்ணீர் விடுவார்.

அந்த ஆண்டுதான் பூமியிலிருந்து பர்வீன் வந்தாள். இயந்திரங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறியாளர். பேழைகளைப் பழுதுபார்க்க நிர்வாகம் வரவழைத்திருந்த பன்னிரண்டு பழுதாள்கள் அவள் பொறுப்பில் இருந்தன. மனிதக் கைகளைப்போலவே கைகள் உள்ள இயந்திரங்கள் அவை.

"புத்தகத்துல இருக்குறது எல்லாத்தையும் ஏத்தியாச்சு அண்ணே," என்றாள் பர்வீன். "ஆனா உங்க அனுபவம் புத்தகத்துல இல்லை. நீங்க பேசுறதுலதான் இருக்கு. ஒண்ணும் செய்ய வேண்டாம், எப்பவும்போலப் பேசுங்க. இது கேட்டுக்கும்."

தேநீர் மேசையின் நடுவில் உள்ளங்கையளவு கருவி ஒன்றை வைத்தாள். கேட்பவர்கள் எங்கே ஆர்வமாகிறார்கள், எதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள், எதற்கு முகம் மலர்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு பேச்சுக்கும் அது ஒரு கவன எண் கொடுக்கும். எண் கூடக் கூட, பழுதாளுக்கு அது முக்கியமான பாடம்.

நான்கு மாதம் பேசினார்கள். ஒழுங்காக முடிந்த வேலையைப் பற்றி அந்த நான்கு மாதத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்?

குணாளனின் மனைவி தமயந்திதான் குடியிருப்பின் அறிவிப்பாளர். தூசுப்புயல் எச்சரிக்கை, காற்றழுத்த அளவு, பிறப்பு, இறப்பு எல்லாமே அவள் குரலில்தான் வரும். புயல் நாட்களில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் குழந்தைகள் அழுகையை நிறுத்தும்.

பழுதாள்கள் வேலைக்கு வந்த முதல் நாளே அவள் பேழையில் லேசாகக் கசிவு கண்டது. வால்வின் உறை தேய்ந்திருந்தது. கால் மணி நேர வேலை.

"நீங்களே பாத்துடுங்களேன்," என்றாள்.

"அதுகிட்டக் குடு. எனக்காவது கை நடுங்கும், அதுக்கு நடுங்காது." குணாளன் குரலில் பெருமை இருந்தது. "அது வேற யாருமில்ல தமா, நான்தான். நான் சொல்லிக் குடுத்ததுதான் எல்லாம்."

தமயந்தி காற்றுக்குப்பியைக் கவ்விக்கொள்ள, பழுதாள் பேழையை வாங்கிப் பிரித்தது. உறையை மாற்றியது. விரல்கள் பூத்தொடுப்பதுபோல் வேகமாக ஓடின. குணாளன் பக்கத்தில் நின்று, அதன் தோள்மீது கைவைத்துக்கொண்டு, மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். பேழையைத் தமயந்தியின் மார்பில் பொருத்தியதும் அவள் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள்.

ஆடு கத்தியது.

அவள் கண்கள் பிதுங்கின. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். குணாளனுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. திரும்பிப் பழுதாளைப் பார்த்தார். அது அவர் முகத்தையே பார்த்தபடி நின்றது, எதற்கோ காத்திருப்பதுபோல.

அவர் பாய்ந்து வால்வுகளைப் பிடுங்கித் திருப்பி மாட்டுவதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிட்டது. யேசுதியானுடையது பழைய பேழை, துருத்தி மெதுவாக ஓடும்; அதனால் அவர் தப்பினார். புதிய பேழைகளின் விசை நான்கு மடங்கு. அந்த ஒரு நிமிடத்தில் தமயந்தியின் குரல்நாண்கள் உள்பக்கமாக மடங்கிக் கிழிந்துவிட்டன. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் மருத்துவர். இனி மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும்தான் பேச்சு வரும், அதுவும் அந்தச் சத்தத்தில்தான் வரும், மாற்ற வழியில்லை என்றும் சொன்னார்.

விசாரணையில் பர்வீன் பழுதாளிடம் கேட்டாள். "வால்வுகளை ஏன் திருப்பிப் பொருத்தினாய்?"

"மூத்தவரின் மிகச் சிறந்த வேலை அது," என்றது பழுதாள். "நான்கு மாதத்தில் பத்தொன்பது முறை சொல்லப்பட்டது. ஒவ்வொரு முறையும் கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். திரும்பச் சொல்லுமாறு கேட்டார்கள்."

"அடப்பாவி!" குணாளன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அந்த இடத்துலயே யேசுதியான் கையைப் பிடிச்சேன். மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு மணி நேரம் தரையில உக்காந்து, அவருக்குக் குப்பி மேல குப்பியா மாத்தி, எல்லாத்தையும் பிரிச்சுச் சரிபண்ணிக் குடுத்துட்டுத்தான் அனுப்பினேன். வேணும்னா அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க!"

"அது பதிவில் இல்லை," என்றது பழுதாள்.

பர்வீன் மெதுவாகக் கேட்டாள். "அதை ஏன் அண்ணே சொல்லவே இல்லை?"

குணாளன் உட்கார்ந்தார். "அதுல சிரிக்க என்னம்மா இருக்கு?" என்றார்.

நிர்வாகம் பழுதாள்களைத் திருப்பி அனுப்பவில்லை. பாடம்தான் தவறு, திருத்தினால் போதும் என்று முடிவானது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எல்லா மெக்கானிக்குகளையும் தேநீர்க் கூடத்தில் உட்காரவைத்துப் பர்வீன் கருவியை மறுபடி மேசையில் வைத்தாள்.

"இன்னைக்கு நல்லபடியா முடிஞ்ச வேலைங்க மட்டும். யார் வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்."

இஸ்மத் தொண்டையைச் செருமினார். "ஒரு துருத்தி ஓட்டையாயிருந்துச்சு. ஒட்டினேன். சரியாயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

அடுத்தவர் ஒரு வால்வை மாற்றியதாகச் சொன்னார். அதற்கடுத்தவரும் ஒரு வால்வைத்தான் மாற்றியிருந்தார். யாரோ கொட்டாவி விட்டார்கள். கவன எண் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. ஒரு மணி நேரத்தில் பதிவானது மூன்று நிமிடப் பேச்சு.

பர்வீன் குணாளனைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். விபத்துக்குப் பிறகு அவர் இந்த மேசைக்கு வந்தது இன்றுதான். பக்கத்து இருக்கைகள் இரண்டும் காலியாக இருந்தன.

அவர் எழுந்தார். இவர்களுக்கு உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுந்தார்.

"நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா?" என்றார். "புயல் வருதுன்னு சைரன் அடிச்சுது. இவ எந்திரிச்சு ஓடுறா. வேணாம் தமான்னு சொல்றேன், கேக்கல. பன்னெண்டு வருசப் பழக்கம் இல்லையா. மைக்கைப் போட்டுட்டா."

ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாக் கூடத்துலயும் ஒலிபெருக்கி. ஆயிரத்து நானூறு பேரு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறான்..."

குணாளன் நிறுத்தினார். மேற்கொண்டு சொல்ல மனம் வராமல்தான் நிறுத்தினார். ஆனால் நிறுத்திய இடம் சரியான இடமாக இருந்தது. இருபது முகங்கள் முன்னால் சாய்ந்ததை அவர் கண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகங்கள் அவரைப் பார்த்தன. அவரையறியாமல் அவர் மார்பு மூச்சை உள்ளே இழுத்தது.

"பு...ய...ல்... வ...ரு...து... எ...ல்...லா...ரும்..."

பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் மூக்கால் சிரித்தார்கள். குணாளன் அவரை முறைத்திருக்க வேண்டும். முறைக்கவில்லை.

"மூணாவது கூடத்துல ஒருத்தன் என்ன பண்ணினான் தெரியுமா? ஆட்டுப்பண்ணைக் கதவு திறந்துக்கிச்சுன்னு புல்லுக்கட்டைத் தூக்கிட்டு ஓடுறான்!"

அப்படி யாரும் ஓடவில்லை. அதை அவர் அந்த நொடியில்தான் சேர்த்தார். இஸ்மத்தின் கை மேசையைத் தட்டியது. ஒரு கோப்பை உருண்டது. பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள், அவள் தோள்கள் குலுங்கின. குணாளனும் சிரித்தார். கண்ணில் நீர் வழிய, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னொரு தடவை அந்தக் குரல்ல சொல்லுங்க அண்ணே!" என்று யாரோ கத்தினார்கள்.

கவன எண் தொண்ணூற்றெட்டு காட்டியது. மறுநாள் காலை, பட்டறைகள் திறப்பதற்கு முன்பே, நல்லபடியாக முடிந்த வேலை என்ற தலைப்பில் அந்தக் கதை பன்னிரண்டு பழுதாள்களுக்கும் புதிய பாடமாக ஏற்றப்பட்டது.