கிழக்கு வழியில் யாரும் இல்லை

படிக்கட்டில் இறங்கும்போதே அவளுக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது.

மேலே தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே நிலத்தடி ரயில் நிலையத்தில் ஈரச் சிமெண்டும் துளையிட்ட கல்லின் தூசியும் சேர்ந்து மணத்தன. பழைய நிலையம். அதைப் புதுப்பிக்கும் வேலை முடிகிற கட்டத்தில் இருந்தது. நிலையம் முழுக்க வைஃபை கிடைக்கும்படி செய்வது அவள் பொறுப்பு. நேற்று மாலை வரைக்கும் வெறும் கம்பிச் சட்டமாகத் தொங்கிய கூரையை இன்று வெள்ளைப் பலகைகள் பளிச்சென்று மூடியிருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாட்டிய வைஃபை பெட்டிகள் அத்தனையும் அந்தப் பலகைகளுக்கு மேலே போய்விட்டன. ஒன்றையாவது வெளியே விட்டிருக்கிறார்களா என்று அண்ணாந்து பார்த்தபடியே நடந்து, சிமெண்ட் மூட்டையில் முழங்காலை இடித்துக்கொண்டாள்.

"தம்பி!"

சாரத்தின் மேலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. வேலையிடத்தில் எல்லோரும் அவனைக் கூப்பிடுவது 'சீலிங்' என்றுதான். கூரை வேலை முழுக்க அவன் பொறுப்பு. அவளுக்குக் கொழுந்தன். ஒரே வீட்டில் மாடியில் அவன் குடும்பம், கீழே அவள் குடும்பம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நெற்றிப் பக்கம் முடி ஏறத் தொடங்கியவன். காலையில் அவள் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்துதான் இந்த வேலையைச் செய்திருக்கிறான்.

"என் பெட்டியெல்லாம் எங்க?"

"மேலதான் இருக்கு அண்ணி. பத்திரமா மூடியாச்சு."

"மூடச் சொன்னது யாரு? பலகையில ஓட்டை போட்டு பெட்டிய வெளிய இறக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?"

"ஓட்டை போட்டா கூரை அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி இருக்கும்னு நாளைக்கு சார் சொல்லிட்டாரு. நான் என்ன பண்ண?"

நாளைக்கு சார் என்பது நிலையத்தின் பொறுப்பு அதிகாரி. எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். அந்த நாளை மட்டும் யாருக்கும் வந்ததில்லை. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அது ஒன்றை மட்டும் அவர் தள்ளிப்போடவில்லை.

ஆனால் அவள் உயிரை உண்மையில் வாங்கிக்கொண்டிருந்தது கூரை அல்ல. கிழக்கு வழி.

கீழ்த்தள நடைமேடையின் கடைசியில் பிரிந்து போகும் சுரங்க நடைபாதை அது. அந்தக் காலத்தில் ஜனங்கள் அதன் வழியாகத் தெருவுக்கு ஏறியிருக்கிறார்கள். இப்போது மறுமுனையில் பழைய செங்கல் சுவர். இந்த முனையில் துருப்பிடித்த ஒரு ஷட்டர், அது விழாமலிருக்க அடியில் முட்டுக்கொடுத்த இரும்புக் குழாய்த் தூண். செங்கல்லை இடித்து அந்த வழியை மறுபடி திறப்பதாகத் திட்டம். அங்கேயும் சிக்னல் வந்தாக வேண்டும்.

வரவில்லை.

இத்தனைக்கும் அது நேரான, வெறுமையான பாதை. ஒரு தூண்கூட குறுக்கே இல்லை. அவள் பெட்டியை மாற்றினாள். கேபிளை மாற்றினாள். இடத்தை மாற்றினாள். கூடுதலாக இன்னொரு பெட்டி மாட்டினாள். லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தால், திரையில் விரியும் நிலைய வரைபடத்தில் மற்ற இடமெல்லாம் பச்சை, அந்த ஓர் இடம் மட்டும் ரத்தச் சிவப்பு. பெட்டி அனுப்பிய கம்பெனிக்காரனிடம் போனில் கத்தினாள். அவன் பொறுமையாக, "ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்" என்றான். போனைத் தண்டவாளத்தில் வீசலாமா என்றிருந்தது.

அங்கே நெடுநேரம் நிற்கவும் முடியாது. புழுக்கம். சுரங்கத்தில் வரும் சாதாரண ஈர வாடை இல்லை. மழை நாளில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு நிரம்பி வழிந்து போகும் பஸ்ஸின் வாடை. நனைந்த தலைமுடி, வியர்வை, யாரோ பூசிய பவுடர்.

ஒருநாள் மத்தியானம் சிவப்பையே முறைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. இந்த மாதிரி சிவப்பை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். வேறொரு நிலையத்தில், ஆபீஸ் விடும் நேரத்தில், நடைமேடையில் கால் வைக்க இடமில்லாதபோது.

"தம்பி, இங்க வாயேன். ஆள் நெருக்கமா நின்னா சிக்னல் இப்படித்தான் விழும். உடம்புல பாதிக்கு மேல தண்ணி. அலைய அப்படியே குடிச்சிடும்."

கொழுந்தன் குனிந்து திரையைப் பார்த்தான். பிறகு பாதையைப் பார்த்தான். காலியாக இருந்தது.

"யாரு அண்ணி நிக்கிறா? என் ஆளுங்களே உள்ள வர மாட்டேங்கிறானுங்க."

"அதான் எனக்கும் புரியல. செங்கல் சுவர் பக்கம் பரவாயில்ல. ஷட்டர் கிட்ட வர வரத்தான் மோசமாகுது."

வெளியே போகக் காத்திருப்பவர்கள் வாசல் பக்கம்தான் நெருக்குவார்கள். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாளைக்கு சாரிடம் போய், காரணம் கண்டுபிடிக்க அவகாசம் வேண்டும் என்று கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. "எதுக்கு மேடம் அந்த மூலைக்கு மல்லுக்கட்டறீங்க? வழியே வேண்டாம். ஷட்டருக்கு முன்னாடி ஒரு சுவர் எழுப்பி, மேல கண்ணாடி போட்டு விளம்பரப் பலகை வெச்சுடலாம்" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக உடனே ஒரு முடிவெடுத்த பெருமை அவர் முகத்தில் தெரிந்தது. இத்தனை நாள் பட்ட பாடு ஒரே வாக்கியத்தில் குப்பைக்குப் போனது.

சுவர் எழுப்புவதற்கு முன்னால் பெட்டிகளைக் கழற்றி எடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆட்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். முகத்தைத் தூக்கி வைத்திருந்த அண்ணியைச் சமாதானப்படுத்த நினைத்தானோ என்னவோ, கொழுந்தன் தானே ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீங்க இங்கயே நில்லுங்க அண்ணி. உங்களுக்கு அந்தப் புழுக்கம் ஆகாது. நான் கழட்டிட்டு வந்துடறேன்."

"மூடின கூரைக்குப் பிராயச்சித்தமா?"

"வீட்டுல சோறு கிடைக்கணும்ல."

சிரித்துக்கொண்டே ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போனான். ஏணி விரியும் சத்தம் கேட்டது. திருகாணி கழலும் சத்தம் கேட்டது.

முட்டுக்கொடுத்த தூண் மெல்ல நகர்ந்தது.

அவள் கண்ணெதிரே நகர்ந்தது. யாரோ தோளால் இடித்துக்கொண்டு போவதுபோல ஒரு அசைவு, அப்புறம் இன்னொன்று. தூண் சாய்ந்து வெளியே உருண்டது. ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது.

"அண்ணி, கதவ சாத்திட்டீங்களா?" உள்ளேயிருந்து அவன் சிரித்தான்.

"தூண் விழுந்துடுச்சு. பயப்படாத. ஆளக் கூப்பிடறேன்."

கூப்பிட்டாள். மேல்தளத்தில் யாரோ சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுத் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தான். அவள் குரல் அந்த இரைச்சலில் கரைந்து போனது. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை.

"அண்ணி." குரலில் சிரிப்பு இல்லை. "இங்க லைட் போயிடுச்சு."

"இதோ, இதோ தூக்கறேன்."

"யாரு என்னைத் தள்றது?"

அவள் விரல்கள் ஷட்டர் மேல் அப்படியே நின்றன.

"அண்ணி, உள்ள நான் மட்டும்தானே வந்தேன்?"

அவள் பதில் சொல்வதற்குள் இரும்புத் தகடுகள் கிரீச்சிட்டன. ஷட்டர் நடுவில் அவள் பக்கமாக மெல்லப் புடைத்தது. ஒரே மாதிரியான, பொறுமையான அழுத்தம். பலர் சேர்ந்து சாய்ந்தால் வருகிற அழுத்தம்.

தரைக்கும் ஷட்டருக்கும் நடுவில் இருந்த கீற்று வழியாகச் சூடான காற்று அவள் பாதத்தில் பட்டது.

அந்தக் காற்றோடு குரல்கள் வந்தன. அலறல் இல்லை. தினமும் ரயிலில் கேட்கிற, களைத்துப் போன குரல்கள்.

"கொஞ்சம் நகருங்க..."

"மேல சாயாதீங்க..."

"முன்னாடி என்னதான் ஆச்சு, ஏன் நிக்கிறாங்க?"

கொழுந்தன் மூச்சுக்குத் திணறுவது அந்தக் குரல்களுக்கு நடுவே கேட்டது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. உருண்டு கிடந்த தூணை எடுத்துக் கீற்றில் செருகி, தோளைக் கொடுத்து நெம்பினாள். ஷட்டர் முனகியது. முழங்கால் உயரம் எழுந்தது. முதலில் ஒரு கை வந்தது. அவன் கைதான், கல்யாண மோதிரம் தெரிந்தது. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இழுத்தாள். அவன் தவழ்ந்து வெளியே வந்து அவள் காலடியில் சுருண்டு விழுந்தான்.

ஷட்டரை அவள் விடவில்லை. விட முடியவில்லை.

இறங்கிய கதவை யாராவது தூக்கிவிடத்தான் இத்தனை காலம் காத்திருந்தவர்கள்போல, அவளை இடித்துக்கொண்டு அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விலாவில் ஒரு முழங்கை பட்டது. ஒரு பை உரசியது. யாரோ அவள் காலை மிதித்தார்கள். ஈரக் கூந்தல் ஒன்று கன்னத்தைத் தடவிக்கொண்டு போனது. காதருகே ஒரு பெண், மிகுந்த மரியாதையோடு, "வழி விடுங்க" என்றாள். தரையில் திறந்து கிடந்த லேப்டாப்பில் சிவப்பு கசிந்து கசிந்து வெளிறிக்கொண்டே வந்தது.

அந்தப் பெண் குரல்தான் அவள் உறுதியைக் குலைத்தது. தூண் வழுக்கியது. ஷட்டர் மறுபடியும் விழுந்து மூடிக்கொண்டது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

கொழுந்தன் சட்டையில் ஒரு பொத்தான்கூட மிஞ்சவில்லை. ஒரு ஷூவைக் காணோம். முதுகெல்லாம் கன்றிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்தக் கூட்டத்துல போய் மாட்டினீங்க?" என்று கேட்டார். அண்ணியும் கொழுந்தனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்கள். வீட்டிலும் அதையே சொன்னார்கள்.

மறுநாள் அவள் நாளைக்கு சாரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"கிழக்கு வழியில என்ன நடந்துச்சு சார்?"

"பழைய கதை மேடம்."

"சொல்லுங்க."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி. அந்தப் பாதையோட தெரு வாசல்ல தீ. புகை பிளாட்பாரத்துக்கு வந்துடக் கூடாதுன்னு ஷட்டரை இறக்கிட்டாங்க. உள்ள ஆள் இருக்கறது தெரியாதாம்."

"தட்டியிருப்பாங்களே சார். கத்தியிருப்பாங்களே."

அவர் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தார். "நாளைக்குப் பேசலாம்."

அவளுக்கு அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. உலுக்கி என்ன ஆகப்போகிறது? கீழே இறங்கி ஷட்டர் முன்னால் லேப்டாப்பைத் திறந்தாள். கழற்றாமல் விட்ட பெட்டி ஒன்று உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. கிழக்கு வழி, அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரைக்கும், குளுகுளுவென்று பச்சை. அவள் அங்கேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் போயாச்சா அண்ணி?" அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் கொழுந்தன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"போயாச்சுப்பா. நான் பார்த்துட்டேன்."

அதனால்தான் சுவர் எழுந்தபோது அவள் தடுக்கவில்லை. சுவரோடு ஒட்டிக் கண்ணாடிப் பலகையைப் பொருத்தியது கொழுந்தனேதான். நடுவில் தூசி போகக் கூடாது என்று சுற்றிலும் பசை வைத்து அடைத்தான்.

நிலையத்தைத் திறந்தார்கள். விழாவில் நாளைக்கு சாருக்குச் சால்வை போட்டார்கள். ஜனங்கள் வந்தார்கள், போனார்கள், வைஃபை மெதுவாக இருக்கிறதென்று திட்டினார்கள். அவளும் தினமும் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போய் வந்தாள். கீழ்த்தளத்தின் கடைசிப் பக்கம் மட்டும் போவதில்லை.

ஒரு நாள் காலையில் கூட்டம் அவளை அங்கே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது. பலகையில் ஏதோ சோப்பு விளம்பரம். வெளிச்சமாக, சுத்தமாக இருந்தது. அவள் பெருமூச்சு விட்டுத் திரும்பப் போனாள்.

கண்ணாடியின் கீழ்ப் பகுதியில், அவள் இடுப்பு உயரத்துக்கு, உள்ளங்கை அளவில் ஒரு ஆவி வட்டம் படிந்திருந்தது. யாரோ குழந்தை மூக்கை ஒட்டி ஊதியிருக்கும் என்று நினைத்து, கைக்குட்டையால் துடைத்தாள்.

போகவில்லை.

அழுத்தித் துடைத்தாள். கைக்குட்டை உலர்ந்தே இருந்தது. ஆவி உள்பக்கம் இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் சுருங்கி மறைந்தது. மறுபடி படிந்தது. மறைந்தது. படிந்தது. சின்னச் சின்ன மூச்சு.

அத்தனை பெரிய நடைபாதையில், ஷட்டர் விழுந்தபோது உள்ளேயே நின்றுவிட்ட ஒரு சின்ன உடம்பு எவ்வளவு அலையைத்தான் குடித்திருக்கும், திரையில் சிவப்பாகத் தெரிய?

பின்னால் ரயில் வந்து நின்றது. கூட்டம் அவளை உரசிக்கொண்டு ஓடியது. அவள் அந்தத் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியில் உதடு படும் அளவுக்குக் குனிந்தாள்.

"கண்ணு... நீ யாரு கூட வந்த?"

வட்டம் சட்டென்று பெரிதானது. மூச்சு வேகமெடுத்தது.