சவுக்குத் தோப்பில் மூன்றாம் ஞாயிறு

ஞானம்மாவின் கட்டை கிண்ணத்தில் படுவதற்கு முன்பே ஓசை வந்துவிட்டது.

கண்ணை மூடச் சொல்லியிருந்தும் இமையிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த செங்கமலத்துக்கு அது சரியாகப் படவில்லை. தூக்கமில்லாத கண்ணின் கோளாறோ? தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பிறந்ததிலிருந்து ஒரகடம் பக்கத்துத் தகடு வெட்டும் கம்பெனியில் ஓய்வில்லாமல் ஓ.டி. பார்த்ததில், வீட்டுக்கு வந்த பிறகும் பிரஸ் மெஷின் காதுக்குள் விழுந்து விழுந்து எழுந்தது. ஆறு வயது மகள் நிலா “அம்மா” என்றாலே அவள்மேல் எரிந்து விழுந்தாள் செங்கமலம். அதைக் கேட்டுவிட்டுத்தான், அதே லைனில் வேலை செய்யும் பாஞ்சாலி அவளைப் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைத் தோப்புக்கு, கிண்ணம் தட்டி மனசை அமைதிப்படுத்தும் ஞானம்மாவிடம், அழைத்து வந்திருந்தாள்.

ஈரமண் வாசனையும், சவுக்கின் உஸ்ஸென்ற இரைச்சலும், வெண்கலக் கிண்ணத்தின் நீண்ட ரீங்காரமும் சேர்ந்து அந்த முதல் ஞாயிறு அவளைக் கிடத்தின. மெஷின் சத்தம் போய்விட்டது. வீடு திரும்பிப் பத்து மணி நேரம் தூங்கினாள்.

இரண்டாம் ஞாயிறு போய் வந்தபின், அவளுக்குத் தன் வளையல் குலுங்கும் சத்தம் கேட்கவில்லை. அந்த வாரம்தான் தகடு கிழித்துப் பாஞ்சாலியின் உள்ளங்கையில் ரத்தம் வழிந்தது. அவள் அதை யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் ஞாயிறு பிற்பகல். நிலாவும் கூட வந்திருந்தாள். மரத்தடிகளில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தியின் கழுத்தில் கட்டெறும்பு ஊர்ந்தது. அவள் தட்டிவிடவில்லை. மேலே காக்கைகள் அலகைத் திறந்து திறந்து மூடின.

“பாஞ்சாலி, காக்கா கத்துதா?”

“கத்தும்.” பாஞ்சாலி சிரித்தாள். “அத்தக் கேட்டு இன்னா பண்ணப்போற?”

செங்கமலம் எழுந்தாள். “நான் வூட்டுக்குப் போறேன். கொயந்த கரையில வெளையாடிக்கினு கீது.”

“ஒக்காரும்மா,” என்றாள் ஞானம்மா. “ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி கீது.”

“எது?”

ஞானம்மாவின் கட்டை உயர்ந்தது.

ஓசை வந்தது. ரீங்காரம் அல்ல. கிண்ணத்துக்குள்ளிருந்து, தெளிவாக, நிலாவின் குரல்.

“அம்மா.”

செங்கமலம் திரும்பினாள். கரையில் யாருமில்லை. ஏரியில், மார்பளவு நீரில், நிலா. வாய் திறந்து மூடியது. சத்தமில்லை.

“அம்மா,” என்றது கிண்ணம்.

நீந்தத் தெரியாத பிள்ளை. தெரியும். ஓட வேண்டும். அதுவும் தெரியும். நெஞ்சு படபடக்கவில்லை. கால்கள் தாமாக மடங்கின. பாஞ்சாலி சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

தண்ணீர் நிலாவின் தாடையைத் தொட்டது.

மரத்தடியிலிருந்த அத்தனை பெண்களும் கண் திறந்து, அந்தச் சின்ன வாயை, தூரத்து வயலைப் பார்ப்பதுபோல் இதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கமலமும்.