தாழிக்குள் போகாத மீன்கள்

மீன்கள் பானைக்குள் போகவே இல்லை.

ஃபர்ஹத்துக்கு அதுதான் முதலில் உறுத்தியது. ஒரு வாரமாக முதுகு ஒடிய வேலை பார்த்து, ஆறடிக் கண்ணாடித் தொட்டியின் அடியையே மாற்றி, சல்லியை அள்ளி எறிந்து பொடிமணல் பரப்பி, இந்த இரண்டு தடிமாடுகளும் ஒளிந்து படுக்கட்டுமே என்று அவ்வளவு பெரிய பானையைச் சாய்த்து வைத்துக் கொடுத்தால், துரைமார் இருவரும் வலதுகோடி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மணலில் வயிறு படியப் படுத்து, மீசையால் தரையைத் துழாவிக்கொண்டே கிடக்க வேண்டிய சாதி. இப்போது மீசையெல்லாம் மேலே விறைத்து நின்றது.

"கொழுப்புத்தான், வேறென்ன" என்று சொல்லிவிட்டு அவள் தோசைக்கல்லை அடுப்பில் போடப் போனாள்.

அவற்றை வாங்கியது அவள் கணவன் ரசீத். சவூதி தமாமிலிருந்து லீவில் வந்திருந்தபோது, ஐந்து வயது மகள் அஸ்ஃபியாவைக் கூட்டிக்கொண்டு மீன்கடைக்குப் போனவன், விரல் நீளத்தில் சிவப்பு வால் கெளுத்திக் குஞ்சு இரண்டைப் பையில் தண்ணீரோடு வாங்கிவந்தான். அவன் விமானம் ஏறிவிட்டான். அவை முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. ஃபர்ஹத் பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து வளர்த்த நீர்ச்செடிகள், பின்னால் நின்ற நாடாப்புல், முன்னால் படர்ந்த குட்டைப்புல், நடுவிலே சிவந்த இலைச் செடி, எல்லாம் வேரோடு பிடுங்கப்பட்டு மேலே மிதந்தன. கூட இருந்த சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு நாள் கெளுத்தி ஒன்று கூழாங்கல்லை விழுங்கிவிட்டுக் கக்கியது. அன்றைக்குத்தான் அவள் மீன்கடை பாவா காக்காவுக்குப் போன் போட்டாள்.

"எடம் பத்தலம்மா அதுகளுக்கு" என்றார் அவர். "தரையில கெடக்குற மீனு. சல்லி வயித்தக் கிழிக்கும், வாய்க்குள்ள போற கல்லு எதுவும் ஆகாது. மணலு போடுங்க. செடிய மண்ணுல நடாதிய, கட்டையில நூல வச்சுக் கட்டிவிடுங்க. ஒளிய ஒரு பொந்து வேணும், அதுக ஒடம்புக்கு ஏத்த மாதிரி. மூடி மேல பாரம் வைங்க, துள்ளி வெளிய விழுந்துரும்."

எல்லாம் செய்தாள். மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். பொந்துக்குத்தான் அந்தப் பானை.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த கொத்தனார் தாணுமாலையன், கடப்பாரையை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார். இடுப்பாழத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை, வாய் உடைந்து, உள்ளே மண் இறுகிக் கிடந்தது. மேலப்பாளையத்து ஆற்றோரம் இதெல்லாம் ஒரு அதிசயமா? எங்கே தோண்டினாலும் நாலு ஓடு வரும்.

"தாழி, தங்கச்சி" என்றார் அவர். "அந்தக் காலத்துல செத்தவங்கள இதுக்குள்ள குத்தவச்சுப் பொதைக்கிறது. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். குழிய அங்கன தள்ளித் தோண்டுதேன். ஒரு சூடத்தக் கொளுத்தி இத மூடிருவோம்."

"உள்ள வெறும் மண்ணுதான அண்ணாச்சி? எடுத்துக் குடுங்க. மீனுக்கு ஆகும்."

அவர் தலையைச் சொறிந்தார். மண்ணைக் கொட்டினார்கள். எலும்பும் இல்லை, மணியும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தால்தான் அதைத் தூக்க முடிந்தது. "கொட்டுன பெறவும் இந்தக் கனம் கனக்கே" என்று தாணுமாலையன் மூச்சு வாங்கினார்.

குழாயடியில் கழுவி வைத்த ஈரப் பானைக்குள் அஸ்ஃபியா பின்பக்கமாக நுழைந்து, முழங்காலில் தாடை இடிக்கக் குந்திக்கொண்டு, "உம்மா, எனக்கு அளவெடுத்துத் தச்ச மாரி இருக்கு!" என்று கத்தினாள். வீட்டில் தையல் மெஷின் ஓட்டும் ஃபர்ஹத்தின் பேச்சு அது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாணுமாலையன் சிரிக்கவில்லை.

"பிள்ளைய வெளிய எடுங்க தங்கச்சி" என்றார்.

ஃபர்ஹத் ஒற்றைக் கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எத்தனை ஊட்டினாலும் தேறாத பிள்ளை. கல்யாணமாகி ஏழு வருஷம் காத்திருந்து, எத்தனையோ துஆவுக்குப் பிறகு வந்தவள். அவள் ஒரு தும்மல் போட்டாலே ஃபர்ஹத் தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே வீட்டுக்குள் விளக்கு போட வேண்டியிருந்தது. ஓட்டுச் சாய்ப்பில் மழை அடிக்கிற சத்தம், தொட்டியின் காற்று மோட்டார் போடுகிற குமிழிச் சத்தம், தையல் மெஷின் சத்தம், இவற்றுக்கு நடுவே ஃபர்ஹத்துக்கு ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. நாலு தையல் ஓட்டுவாள், எழுந்து போய்த் தொட்டியைப் பார்ப்பாள். மீன்கள் மூலையில். மறுபடி நாலு தையல்.

"பொந்தோட வாயி வெளிச்சத்தப் பாத்து இருந்தா போகாதும்மா" என்றார் பாவா காக்கா. "சொவத்துப் பக்கமாத் திருப்பி வைங்க."

தோள்வரை கையை விட்டு, மூச்சைப் பிடித்துப் பானையைத் திருப்பினாள். தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பானையின் வாய்ப்பக்கம் மட்டும் விரல் மரத்துப்போகிற குளிர். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கையில் ஒரு வாசம், புதிதாகத் தோண்டிய குழியில் எழும்புமே, அந்த வாசம். சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். சாப்பிடும்போதும் விரலில் இருந்தது.

விடிந்து பார்த்தபோது பானையின் வாய் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கூடத்தைப் பார்த்துக்கூட இல்லை. அவளும் மகளும் தூங்குகிற அறையின் கதவை நேராகப் பார்த்து.

"பெரிய கெளுத்தி கல்லையே உருட்டும்மா" என்று பாவா காக்கா போனில் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். போனை வைத்துவிட்டு மணலைப் பார்த்தாள். மீன் நடமாடினால் மணலில் வயிற்றுத் தடம் இருக்க வேண்டும். மூலையைத் தவிர எங்கேயும் தடம் இல்லை, பரப்பிய அன்றைக்கு இருந்தபடியே கிடந்தது. பானையின் வாயில் மட்டும் மணல் குவியலாக வெளியே தள்ளப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து.

உரித்த இறாலை மூலையில் மீன்களின் மூக்குக்கு முன்னாலேயே போட்டாள். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறால் அசைந்து அசைந்து இறங்கி, பானை வாயருகே போய்க் கிடந்தது. மதியம் வந்து பார்த்தால் இறால் இல்லை. மீன்கள் மூலையில்தான் நின்றன.

அஸ்ஃபியா மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஃபர்ஹத்துக்குத் திக்கென்றது. கையைக் காலைப் பரப்பிக் கட்டில் முழுக்க உருண்டு, உம்மாவின் முகத்தில் உதைக்கிற பிள்ளை. இன்று கட்டிலின் ஓரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தாடையை அதில் பொருத்திக்கொண்டு, ஒரு முட்டை மாதிரி சுருண்டு கிடந்தாள். ஃபர்ஹத் மெல்லக் காலை நீட்டிவிட்டாள். கையை எடுத்ததும் கால் பைய மடங்கிக்கொண்டது. ஓதி நெற்றியில் ஊதினாள். ஊதினால் தூக்கத்திலும் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

எழுந்ததும் பிஸ்கட்டோடு தொட்டிக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டாள். வாய் ஓயாத பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னட்டி பாக்குத அங்கன?"

"உள்ள எடம் பத்தாதாம்."

"யாருக்கு?"

அஸ்ஃபியா பிஸ்கட்டை நக்கினாள். மீனைத்தான் சொல்கிறாள் என்று ஃபர்ஹத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லோரும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எடம் பத்தல, எடம் பத்தல என்று. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறாள். அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்து மஹ்ரிப் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது கரண்டு போனது.

மோட்டார் நின்றது. குமிழிச் சத்தம் நின்றது. மழையும் விட்டிருந்தது. வீட்டில் அவ்வளவு அமைதி இருக்க முடியும் என்றே அவளுக்குத் தெரியாது.

கர்ர்ர்.

ஓடு கண்ணாடியில் உரசுகிற சத்தம். நின்றது. மறுபடி.

கர்ர்ர்.

போனில் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் மூலைக்குப் போனது. இரண்டு மீனும் அங்கேதான். இரண்டும். திரும்பவும் பார்த்துக்கொண்டாள்.

வெளிச்சத்தைப் பானைக்குத் திருப்பினாள்.

உள்ளே கறுப்பு. கொஞ்சம் மணல். மணலுக்கு மேலே பக்கத்தில் பக்கமாக இரண்டு உருண்டைகள், வெளுத்து, வழுவழுவென்று. கல் என்று நினைத்தாள். அவள் கல் எதுவும் உள்ளே வைக்கவில்லை.

முழங்கால்.

சின்ன முழங்கால்கள்.

பானை வாயிலிருந்து ஒரு குமிழி கிளம்பிப் பைய மேலே வந்து உடைந்தது. இன்னொன்று. மூச்சு விடுவதைப்போல, நிறுத்தி நிறுத்தி.

"யா அல்லாஹ்... அஸ்ஃபியா!"

பிள்ளை அவளுக்குப் பின்னாலேயே இருந்தாள். இருட்டில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஃபர்ஹத் ஒற்றைக் கையால் வாரி எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். தெரிந்ததெல்லாம் ஓதினாள். கரண்டு வந்த பிறகும் கதவைத் திறக்கவில்லை. கண் அசந்துவிடக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தாள். அசந்துவிட்டாள்.

விழித்தபோது வெயில். அஸ்ஃபியா கட்டில் ஓரத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அறைக்கதவு திறந்து கிடந்தது.

பானையை எடுத்துவிடச் சொல்லி அவள் போன் போட்டதும் தாணுமாலையன் வந்துவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. அம்மிக்குழவியை இறக்கி, மூடியைத் திறந்து, கையை விட்டார். தம் கட்டி இழுத்தவர் பின்னால் சரிந்து விழப் பார்த்தார். பானை அவர் ஒற்றைக் கையில் தொங்கியது.

"என்ன தங்கச்சி, இது வேற பானையா?"

"அதேதான் அண்ணாச்சி."

"அன்னைக்கு ரெண்டு பேரு சேந்துல்லா தூக்குனோம். இப்ப காத்தா இருக்கு." தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வாய்க்குள் எட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "உள்ள ஒண்ணும் இல்ல. ஆத்துப் பக்கம் ஆளில்லாத எடமாப் பொதச்சிருதேன். பிள்ள எங்க?"

"தூங்குதா."

அவர் அறைப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பைக்கின் பின்னால் பானையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. மூலையில் இருந்த மீன் ஒன்று கீழே இறங்கியது. மீசையைத் தாழ்த்தி மணலைத் தொட்டது. இன்னொன்றும் இறங்கியது. தொட்டியின் நடுவுக்கு வந்து, பானை இருந்த குழியைச் சுற்றி மோந்து, வயிறு படிய இரண்டும் அக்கடா என்று படுத்துவிட்டன. இறாலைப் போட்டாள். வாயைப் பிளந்து விழுங்கின. ஃபர்ஹத்துக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. தொட்டியில் பயப்பட ஒன்றுமில்லை. போய்விட்டது. முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசீத்துக்கு வீடியோ கால் போட்டாள்.

"இங்க பாருங்க மச்சான், படுத்துட்டானுவ!"

"அல்ஹம்துலில்லாஹ்! இப்பத்தான் மீனு மாரி இருக்கு" என்று அவன் சிரித்தான். "பிள்ள எங்க?"

அறைக்கதவு அசைந்தது. அஸ்ஃபியா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து தொட்டியின் இடதுகோடியில் நின்றாள்.

மணல் புகையாகக் கிளம்பியது. கெளுத்திகள் இரண்டும் வலது மூலைக்குப் பாய்ந்தன. ஒன்றன்மேல் ஒன்று. மீசை மேலே.

"மீனுக்கு என்னாச்சு?" என்றான் ரசீத்.

அஸ்ஃபியா கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு வலது பக்கம் நடந்தாள்.

மீன்கள் இடது பக்கம் பாய்ந்தன. மூடி அதிர்ந்தது.

அவள் இடது பக்கம் நடந்தாள்.

மீன்கள் வலது பக்கம்.

பிறகு அவள் தரையில் குந்திக்கொண்டாள். முழங்காலில் தாடையைப் பொருத்தினாள். நிமிர்ந்து ஃபர்ஹத்தைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"உம்மா. தூக்கு."

போன் கையிலிருந்து நழுவியது. அவள் பிள்ளை. ஏழு வருஷம் கேட்டு வாங்கிய பிள்ளை. ஃபர்ஹத் குனிந்து, அக்குளில் கை கொடுத்தாள். தோல் சில்லென்று இருந்தது. தலைமுடியில் தோண்டிய குழியின் வாசம்.

தூக்கினாள்.

வரவில்லை.

காலை ஊன்றி, இரண்டு கையாலும், தம் கட்டித் தூக்கினாள். பிள்ளை தரையை விட்டு அசையவில்லை. மடங்கிய கால் நீளவில்லை. கீழே கிடந்த போனில் ரசீத் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தொட்டிக்குள் மீன்கள் மூடியை முட்டின. முட்டின.

அஸ்ஃபியா நீட்டிய கைகளை ஃபர்ஹத்தின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். பைய இறுக்கினாள்.