புற்றுக்குள் நீலக் கயிறு

"பெட்டி கெடைக்கலைன்னா உங்கப்பன் திருடந்தான்!"

மலையடிவாரத்திலேயே ஆவுடையப்பன் சொல்லிவிட்டார். ஊர் அவரைத் துணைக்கு அனுப்பவில்லை. பேச்சித்தாயையும் அவள் அத்தை மகன் சுடலையையும் வேவு பார்க்கத்தான் அனுப்பியிருந்தது!

ஆறு வருடத்துக்கு முன்பு வெள்ளம் வந்தபோது, கோயிலின் வெண்கல அம்மனை மாமரப் பெட்டியில் வைத்து, நீல நைலான் கயிற்றால் கட்டி, மலைக்குகையில் ஒளித்தவர் பேச்சித்தாயின் அப்பா. மண்சரிவில் பாதை அடைபட்டுவிட்டது. அது இந்த வருடம்தான் திறந்தது; அதற்கு வெகு முன்பே, அவர் சிலையை விற்றுவிட்டதாக ஊர் முடிவுகட்டிவிட்டது! அன்றிலிருந்து கோயில் கொடைத் திருவிழாவில் அவர் கைக்குத் திருநீறுகூடக் கிடைப்பதில்லை.

மூவரும் ஏறினார்கள். ஆவுடையப்பன் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாரைத் தேடுதீய மாமா?" பேச்சித்தாய் வெடுக்கென்று கேட்டாள்.

"உங்கப்பன் பின்னாடியே வந்து, எடுத்த சிலையைக் குகையில போட்டுட்டா?"

"நீங்க எடுத்து வித்திருந்தா?"

சுடலை நடுவில் புகுந்தான். "ரெண்டு பேரும் காலைப் பாத்து வையுங்க, பள்ளம்!"

குகை வாசலில் முந்தாநாள் மழைக்குப் பறந்த ஈசலின் இறகுகள் உதிர்ந்து கிடந்தன. அப்பா சொன்ன மூலையில் இடுப்புயரப் புற்று ஒன்றுதான் நின்றது. பேச்சித்தாய்க்கு அழுகை முட்டியது. அப்பாவையே ஒரு கணம் சந்தேகப்பட்டுவிட்டாள்!

அப்போதுதான் பார்த்தாள். மழைநீர் அரித்த புற்றின் ஓரத்தில் நீலமாய் ஏதோ தெரிந்தது. நைலான் கயிறு!

"சுடலை, கடப்பாரையை எடு!"

"புத்துல கை வைக்காதே, சாமி குத்தம்!" ஆவுடையப்பன் மறித்தார்.

"சாமியே உள்ள இருந்தா?"

கும்பிட்டுவிட்டு இடித்தார்கள். வெள்ளைக் கறையான்கள் சிதறி ஓடின. உள்ளே பச்சை பூத்த அம்மன்! மேலே நீலக் கயிறு.

"பாத்தியா? உங்கப்பன்தான் புத்துல பொதைச்சிருக்கான்!"

"கயித்தைப் பாருங்க மாமா," என்றாள் பேச்சித்தாய். " நாலு பக்கமும் சுத்தி, முடிச்சு அவிழாம இருக்கு. நடுவுல பெட்டிதான் இல்ல. இறகை உதிர்த்த ஒரு சோடி ஈசல் மண்ணுக்குள்ள குடும்பம் வச்சிருக்கு. அதுக பெத்த கறையானெல்லாம் மரத்தைத் தின்னு, மேல வீடு கட்டிருச்சு. வெண்கலத்தையும் நைலானையும் விட்டுருச்சு."

ஆவுடையப்பன் முடிச்சை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அவர் தலை குனிந்தது.

புறப்படும்போது சுடலை கடப்பாரையை ஓங்கினான். "பொல்லாத பூச்சி, மிச்சத்தையும் இடிக்கட்டா?"

"வேண்டாம்லே," பேச்சித்தாய் தடுத்தாள். " செத்த மரத்தை மண்ணாக்குறது அதுக வேலை. இந்தக் காடு நிக்கதே அதனாலதான். திருட்டுப் பட்டம் கட்டினது நாமதான்."

இடிந்த இடத்தைக் கறையான்கள் ஏற்கெனவே பூசத் தொடங்கியிருந்தன.

மேளத்தோடு ஊர் எதிர்கொண்டது! அவிழாத கயிற்றோடு அம்மனைத் தலையில் சுமந்து வந்த ஆவுடையப்பன், நேரே பேச்சித்தாயின் அப்பாவிடம் போய் நின்றார். அப்பா அம்மனைத் தொடவில்லை. கயிற்றைத்தான் முதலில் தொட்டார்.

"என் முடிச்சுதான்," என்றார்.

ஆவுடையப்பன் தன் கையாலேயே அவர் நெற்றியில் திருநீறு பூசினார்.