தலைக்கணக்கு

பல் தேய்த்தான். முகம் மழித்தான். பாலைக் காய்ச்சினான், ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கைக்கு இன்னும் பழகவில்லை, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினான். நீலச் சட்டையை இஸ்திரி போட்டான். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு விமான நிலையத்துக்கு வேலைக்குப் போனான்.

பயணிகளின் கைப்பைகளை எக்ஸ்ரே திரையில் பார்ப்பது அவன் வேலை. துணி, தோல், சோப்பு எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். இரும்பு நீலம். அசந்துபோகும் கண்ணை உசுப்பிவிட அந்த இயந்திரத்துக்கே ஒரு குறும்பு உண்டு. யாரோ ஒருவருடைய நிஜப் பைக்குள், இல்லாத கத்தியையோ துப்பாக்கியையோ படமாகச் சொருகிக் காட்டும். பொத்தானை அழுத்தினால், ‘இது சோதனைப் படம், சரியாகக் கண்டுபிடித்தீர்கள்’ என்று எழுத்து வரும். பை தன்பாட்டுக்குப் போய்விடும். அழுத்தாமல் விட்டால் மேற்பார்வையாளரிடம் பாட்டு வாங்க வேண்டும். அவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘கறார்’ என்றுதான் சொல்வார்கள்.

முதல் விமானத்தின் பணிப்பெண்கள் வந்தார்கள். கடைசியாக வந்தவள் அவன் மனைவியின் தோழி.

“சாப்பிட்டீங்களா அண்ணா?”

“ம்.”

“பொய். மூஞ்சியே சொல்லுது.” பெட்டியை நகரும் பட்டையில் வைத்தாள். “இன்னைக்கு மறுபடியும் அதே விமானம். சரி பண்ணிக் கொண்டாந்துட்டாங்க. சீட்டுக்கெல்லாம் புதுத் துணியாம்.”

“வேற எதுலயாவது போட்டுத் தரச் சொல்லலையா?”

“கேட்டேன். பயந்தா பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கப் போம்மான்னாங்க.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “வரேண்ணா.”

அந்த விமானத்தில்தான் அவன் மனைவியும் வேலை பார்த்தாள். நடுவானில் ஒருவன் பையில் பேட்டரி புகைந்தது. யாரோ ‘குண்டு’ என்று கத்தினார்கள். அவசரமாகத் தரையிறக்கி, காற்றடைத்த சறுக்குப்பாதை வழியாக எல்லோரையும் வெளியே தள்ளி, தலை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. அவள் புகைக்குள் திரும்பிப் போனாள். வெளியே வரவில்லை. குறைந்த தலை ஒரு கைக்குழந்தை. வெளியே, புல்வெளியில், அம்மாவின் சால்வைக்குள் அது பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு பயணிகள் வந்தார்கள். சூடான ரப்பரின் வாசனையும் கழற்றிய காலணிகளின் வாசனையும் கலந்து எழ, தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்க, உலோகம் கண்டுபிடிக்கும் கதவுச் சட்டம் யாரோ ஒருவரின் பெல்ட்டுக்காகக் கூவி அடங்க, பட்டைக்கு அடியில் உருளைகள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் நறநறவென்று சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு பச்சைப் பெட்டி திரைக்குள் நுழைந்தது.

சட்டைகளின் ஆரஞ்சு மங்கலுக்கு நடுவே ஒரு கை இருந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, வெறும் எலும்பாக. மணிக்கட்டுக்கு மேலே நீலமாய் ஒரு தகடு. வரிசையாகத் திருகுகள். நடுவில் ஒரு துளை மட்டும் காலி.

அந்தத் துளையை அவனுக்குத் தெரியும். படியில் வழுக்கி விழுந்து அவள் கையை உடைத்துக்கொண்டபோது வைத்த தகடு. அந்த இடத்தில் எலும்பு பிளந்திருந்ததால் டாக்டர் திருகு போடாமல் விட்டார். அதற்கப்புறம் அவள் வேலைக்கு வரும்போதெல்லாம் சோதனைக் கருவி கூவும். ‘அண்ணி வந்தாச்சு, மணி அடிச்சாச்சு’ என்று இங்கே சிரிப்பார்கள்.

பொத்தானை அழுத்தினான். எழுத்து வரவில்லை.

பை பிரிக்கும் அக்கா பெட்டியைத் திறந்தாள். சட்டைகள், ஒரு ஜோடி செருப்பு, சவரப் பெட்டி.

“என்ன தம்பி பார்த்த?”

“ஒரு கை இருந்துச்சுக்கா.”

பெட்டிக்காரருக்குக் காது நன்றாகக் கேட்டது. “என் சட்டை எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு கை இருக்குங்க. எண்ணிக்கிறீங்களா?” வரிசை சிரித்தது.

கறார் வந்து படத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார். துணிதான் இருந்தது.

“சோதனைப் படமா இருக்கும் சார்.”

“அதுல கத்தி வரும், துப்பாக்கி வரும். பொணம் வராதுப்பா. தூங்கினியா ராத்திரி?”

அடுத்து ஒரு தோள்பை. அதில் தோள்பட்டையும் விலா எலும்புகளும், கவிழ்த்த கூடைபோல. அழுத்தினான். பிரித்தார்கள். புத்தகங்கள். அடுத்து ஒரு கிழவரின் பையில் இடுப்பெலும்பு. அழுத்தினான். பிரித்தார்கள். மருந்துப் புட்டிகள்.

“என்னய்யா விளையாட்டு இது? விமானத்தை விட்டா நீ முதுகுல சுமந்துட்டுப் போவியா?”

பைகளில் கட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தான். எல்லாம் ஒரே விமானம். தோழி ஏறிய விமானம்.

“அதை நிறுத்தணும் சார்.”

“காரணம்?”

சொன்னால் பைத்தியம். சொல்லாவிட்டால்?

கறார் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணு போனதுல எனக்கும் வருத்தம்தான். அதுக்காக ஊரான் பையெல்லாம் பிரிச்சுக்கிட்டே இருக்க முடியாது. இன்னொரு தரம் சும்மா அழுத்தினா உன் லைசென்ஸைப் பிடுங்கிடுவேன். சொல்லிட்டேன்.”

கடைசியாக ஒரு குழந்தையின் முதுகுப் பை வந்தது. வண்ணப் பென்சில்கள், ஒரு பொம்மை. அவற்றின் நடுவே ஒரு மண்டையோடு, பக்கவாட்டில்.

பை நகர்ந்தது. மண்டையோடு நகரவில்லை.

பென்சில்கள் போயின. பொம்மை போயிற்று. அது மட்டும் திரையின் நடுவில் நின்றது. மெல்ல அவன் பக்கம் திரும்பியது. தாடை அசைந்தது. மூடியது. மறுபடி அசைந்தது.

அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான்.

கறார் அவன் கையைப் பிடித்து விலக்கினார். “எழுந்திரு. அட்டையைக் கழட்டு.”

திரையில் ஒன்றும் இல்லை. குழந்தை பையை மாட்டிக்கொண்டு ஓடியது. அவன் எழுந்தான். அட்டையை மேசைமேல் வைத்தான். அவனும் ஓடினான்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு விமானம் ஏறும் வாசலை அவன் எட்டியபோது பயணிகள் எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த ஊழியர் எரிச்சலோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். “ஒண்ணு கூடுதா? எப்படிம்மா கூடும்? சீட்டு கிழிச்சவன் நான். மறுபடி எண்ணு.”

அவன் தொலைபேசியைப் பிடுங்கினான்.

“நான்தான். எறங்கு. எல்லாரையும் எறக்கு.”

“அண்ணாவா?” தோழியின் குரல். “எத்தனை தரம் எண்ணினாலும் ஒரு தலை கூடவே வருதுண்ணா.”

“எறக்கும்மா!”

“என்னன்னு சொல்லி எறக்கறது?”

அதே கேள்வி. அவன் நெற்றியால் மேசையை முட்டினான். ஊழியர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அண்ணா… இங்க புகை வாசனை வருது. வேற யாருக்கும் வரலைங்கறாங்க.” மூச்சு. “பின்னாடியிருந்து யாரோ எண்ணிக்கிட்டு வராங்க. நாங்க எல்லாரும் முன்னாடிதானே நிக்கறோம்?”

தொலைபேசி கையைவிட்டுப் போனது. ஊழியர் காதில் வைத்துக் கேட்டார். முகம் தெளிந்தது. “கணக்கு சரியாயிடுச்சாம். கதவை மூடியாச்சு. கிளம்புங்க சார், இல்லன்னா காவலைக் கூப்பிடுவேன்.”

கணக்கு சரி. அப்படியென்றால் உயிருள்ள ஒன்று குறைந்திருக்கிறது.

கண்ணாடிச் சுவரில் இரு கைகளையும் ஊன்றி நின்றான். பட்டப்பகல். விமானம் பின்னுக்கு நகர்ந்தது. ஜன்னல்களில் தலைகள். கடைசி ஜன்னலில் ஒரு கை வந்தது. சதை இல்லை. வெயில் அதை ஊடுருவிப் போயிற்று. மணிக்கட்டில் நீலத் தகடு, நடுவில் காலித் துளை. ஒரு விரல் நீண்டது. அந்த ஜன்னலில் இருந்த தலையைத் தொட்டது.

தலை சாய்ந்தது. எழவில்லை.

அடுத்த ஜன்னல். தொட்டது. சாய்ந்தது.

அடுத்தது.

அவன் கண்ணாடியை அறைந்தான். கத்தினான். பின்னால் யாரோ அவன் தோள்களைப் பிடித்தார்கள்.

அடுத்தது. அந்தக் குழந்தை. பையை மடியில் வைத்திருந்தது.

முன்கதவின் வட்டக் கண்ணாடியில் தோழியின் முகம். அவள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கம்பெனி இதழில் அவன் மனைவியைப் பற்றி எழுதியபோது, கடைசி வார்த்தை என்று ஏதோ வீர வசனம் போட்டிருந்தார்கள். அதை அவள் சொல்லவில்லை. புகைக்குள் திரும்பிப் போகும்போது, சறுக்கின் ஓரத்தில் நின்ற தோழியிடம் அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

“நீ போடி. ஒரு தலை குறையுது. எண்ணிட்டு வரேன்.”